செல்கள் டி செல்களுக்கு எதைக் காட்டுகின்றன, எப்படிக் காட்டுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயெதிர்ப்பு பற்றிப் பாடம் எடுத்தாலும் சரி, தடுப்பூசி பற்றி யாரிடமாவது பேச உட்கார்ந்தாலும் சரி, ஒரு கட்டத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது: செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை வெளியே சுற்றும் டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில் வரும், போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆன்டிஜென் என்றால் கிருமி என்றுதானே அர்த்தம்?

இல்லை. நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஏற்பி (பிற பொருளைப் பற்றி உணரும் புரதம்) ஒன்று பற்றிக்கொள்ளக்கூடிய எந்தப் பொருளும் ஆன்டிஜென்தான். ஒரு பாக்டீரியாவில் ஆயிரக்கணக்கான ஆன்டிஜென்கள் இருக்கும். மகரந்தத்தில் இருக்கும் புரதம், வேறொருவரின் ரத்தப் பிரிவைத் தீர்மானிக்கும் சர்க்கரைச் சங்கிலி, ஏன், நம் உடம்பின் சொந்தப் புரதமும்கூட ஆன்டிஜென் ஆக முடியும். சொந்தப் புரதத்தின் மேல் பாய்ந்தால் அதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம்.

ஆன்டிபாடி கிருமியை நேராகப் பிடிக்கிறதே, டி செல்லுக்கு மட்டும் ஏன் யாராவது எடுத்துக் காட்ட வேண்டும்?

இரண்டும் பார்க்கும் விதமே வேறு. ஆன்டிபாடி, அதாவது பி செல் என்ற வெள்ளணு வகை செய்யும் தற்காப்புப் புரதம், ஒரு பொருளின் வெளிவடிவத்தை முழுதாக, அது இருக்கும் நிலையிலேயே பற்றுகிறது. நமக்குத் தெரிந்த பெரும்பான்மை டி செல்களின் ஏற்பிக்கு அப்படிப் பற்றத் தெரியாது. புரதம் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டு, அந்தத் துண்டு எம்எச்சி என்ற மூலக்கூறின் பள்ளத்தில் பொருந்தி, ஒரு செல்லின் மேற்பரப்பில் நிற்க வேண்டும். அப்போதுதான் டி செல்லுக்கு அது தென்படும். அந்தத் துண்டைத்தான் பெப்டைடு என்கிறோம்.

இது குறையாகத் தோன்றலாம். ஆனால் டி செல்லின் வேலையே மற்ற செல்களோடுதான்: கெட்டுப்போன செல்லைக் கொல்வது, உதவி கேட்கும் செல்லுக்கு உதவுவது. ரத்தத்தில் மிதக்கும் வைரஸையெல்லாம் அது பற்றிக்கொண்டிருந்தால் அந்த வேலைக்கு வரவே முடியாது. ஆகவே கிருமியின் அடையாளமும் செல்லின் அடையாளமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் மட்டுமே அது அசைகிறது.

1974-இல் கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். எல்சிஎம்வி என்ற வைரஸ் தொற்றிய எலியின் டி செல்கள், அதே வைரஸ் தொற்றிய செல்களைக் கொன்றன. ஆனால் அந்தச் செல்கள் அதே எம்எச்சி வகையைச் சேர்ந்தவையாக இருந்தால்தான். வைரஸ் அதேதான், எம்எச்சி வேறு என்றால் டி செல் கண்டுகொள்ளவில்லை. 1996-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எம்எச்சி எம்எச்சி என்கிறீர்களே, அது பார்க்க எப்படி இருக்கும்?

செல்லின் சவ்வில் நட்டு வைத்த புரதம் அது. அதன் தலைப்பகுதியில் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தின் தரை தட்டையான பீட்டா இழைகளால் ஆனது, இரண்டு பக்கச் சுவர்களும் ஆல்ஃபா சுருள்கள். 1987-இல் பமீலா பியோர்க்மன், ஜாக் ஸ்ட்ராமிங்கர், டான் வைலி ஆகியோரின் குழு, மனிதரில் இருக்கும் எச்எல்ஏ-ஏ2 என்ற எம்எச்சியின் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் வெளியிட்டது. அந்தப் பள்ளம் காலியாக இல்லை, ஏதோ ஒன்று அதில் படுத்திருந்தது. அதுதான் பெப்டைடு. எம்எச்சி என்ன வேலை செய்கிறது என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிட்டது.

இதில் இரண்டு வகை. முதல் வகையில் பள்ளத்தின் இரு முனைகளும் மூடியிருக்கும், அதனால் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில (புரதச் சங்கிலியின் கண்ணி) நீளத் துண்டுதான் பொருந்தும். இரண்டாம் வகையில் முனைகள் திறந்திருக்கும். 13 முதல் 25 வரை நீளமான துண்டுகள் வாலை வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும். இரண்டிலுமே துண்டின் ஒரு சில அமினோ அமிலங்கள் பள்ளத்துக்குள் இருக்கும் குழிகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இவை நங்கூரங்கள். மற்றவை மேல்நோக்கி நிற்கும், டி செல் தடவிப் பார்ப்பது அவற்றைத்தான். மனிதரின் எம்எச்சிக்கு எச்எல்ஏ என்று பெயர். அதன் ஜீன்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன.

ஒண்ணு, ரெண்டு என்று இரண்டு வகை எதற்கு? ஒன்று போதாதா?

இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. "இந்தச் செல்லுக்குள் என்ன தயாராகிறது?" என்பதற்கு முதல் வகை பதில் சொல்லும். உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களும் அதைத் தாங்குகின்றன. அதைப் பார்க்க வருவது சிடி8 டி செல், அதாவது கொல்லும் வகை. "இந்தச் செல் வெளியிலிருந்து எதை உள்ளே இழுத்தது?" என்பதற்குப் பதில் இரண்டாம் வகை. டென்ட்ரைட்டிக் செல் (திசுக்களில் காவல் இருந்து ஆன்டிஜெனைச் சேகரிப்பது), மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கி அழிப்பது), பி செல் போன்ற சில செல்களில்தான் அது வழக்கமாக இருக்கும். அதைப் பார்ப்பது சிடி4 டி செல், அதாவது உதவும் வகை.

ஏன் பிரித்து வைக்க வேண்டும்? பாக்டீரியாவை விழுங்கிய மேக்ரோஃபேஜ் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதைக் கொன்றால் யாருக்கு லாபம்? அதற்கு வேண்டியது ஊக்கம். ஆனால் வைரஸை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் நுரையீரல் செல்லை ஊக்குவிப்பதில் அர்த்தமில்லை, அதை நிறுத்தியாக வேண்டும்.

செல்லுக்கு எது கிருமியின் புரதம், எது தன் புரதம் என்று எப்படித் தெரியும்?

தெரியாது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். செல் எதையும் அடையாளம் கண்டு பொறுக்கிக் காட்டுவதில்லை. தன்னிடம் இருக்கும் புரதங்களையெல்லாம் பாரபட்சமில்லாமல் நறுக்கி, பள்ளத்தில் பொருந்துவதை வெளியே வைக்கிறது. ஒரு வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை வாசலில் வைத்த குப்பைக்கூடையைப் பார்த்தே சொல்லிவிடலாம் இல்லையா, அதுபோல. ஆரோக்கியமான செல்லின் மேல் நிற்கும் துண்டுகள் எல்லாமே நம்முடையவைதான். தொற்று வந்த பிறகும் பெரும்பான்மை நம்முடையதே, வைரஸின் துண்டுகள் அவற்றுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும்.

தரம் பிரிக்கும் வேலை டி செல்லின் பக்கம் நடக்கிறது, அதுவும் முன்கூட்டியே. டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடையும்போது, அங்குள்ள செல்கள் நம் சொந்தத் துண்டுகளை அவற்றுக்குக் காட்டுகின்றன. சொந்தத் துண்டை இறுகப் பிடிக்கும் டி செல் அங்கேயே சாகிறது, அல்லது மற்ற டி செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் செல்லாக மாறுகிறது. கணையத்தில் மட்டும் சுரக்கும் இன்சுலினைத் தைமஸில் எப்படிக் காட்டுவது? அதற்கென்றே அங்கே ஏர் என்ற புரதம் இருக்கிறது. வேறு உறுப்புகளுக்கு உரிய ஜீன்களைத் தைமஸின் செல்களில் சிறிதளவு இயங்க வைக்கிறது. அந்த ஜீன் பழுதானவர்களுக்குப் பல சுரப்பிகளை ஒருசேரத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் வருகிறது.

வைரஸ் புரதம் துண்டாகி மேலே வருவதை ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா?

இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் நுரையீரல் செல் ஒன்றில் நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செல்லின் ரைபோசோம்கள் (புரதம் செய்யும் இயந்திரங்கள்) வைரஸின் எம்1 என்ற புரதத்தைச் செய்ய ஆரம்பிக்கின்றன. 252 அமினோ அமிலங்கள் உள்ள புரதம் அது. செய்யும்போதே சில பிரதிகள் கோணலாக மடிந்துவிடும். சில பிரதிகள் பிறகு பழசாகும். அழிக்க வேண்டிய புரதத்தின் மேல் செல் யூபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தைச் சங்கிலியாக ஒட்டுகிறது. அந்தச் சங்கிலியைப் பார்த்ததும் புரோட்டியசோம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. புரோட்டியசோம் என்பது பீப்பாய் வடிவத்தில் இருக்கும் வெட்டும் இயந்திரம். ஏழு ஏழாக அமைந்த நான்கு வளையங்கள், வெட்டும் கத்திகள் எல்லாம் உள்பக்கம். பக்கத்து செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து எச்சரித்தால், இந்தக் கத்திகளில் மூன்று மாற்றப்படும். புதிய கத்திகள் வெட்டும் துண்டுகளின் கடைசி முனை, முதல் வகை எம்எச்சியின் குழிக்கு இன்னும் தோதாக அமையும்.

இப்போது துண்டுகள் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லின் உள்திரவத்தில், கிடக்கின்றன. எம்எச்சியோ எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வறைக்குள் காத்திருக்கிறது. நடுவில் இருக்கும் சவ்வைத் தாண்ட டேப் என்ற புரதம் வழிவிடுகிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, ஏறக்குறைய 8 முதல் 16 அமினோ அமில நீளமுள்ள துண்டுகளை உள்ளே தள்ளுகிறது. உள்ளே எம்எச்சி தனியாக இல்லை. டாபாசின் அதை டேப்பின் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது, கால்ரெட்டிகுலின் போன்ற துணைப் புரதங்களும் தாங்குகின்றன. நீளம் கூடிய துண்டுகளின் முன்முனையை ஈராப்1 என்ற நொதி சீவிவிடுகிறது.

டாபாசினின் வேலைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். கிடைத்த முதல் துண்டோடு எம்எச்சியை அனுப்பிவிடாமல், தளர்வாகப் பிடித்த துண்டுகளை வெளியேற வைத்து, இறுகப் பிடிக்கும் துண்டு கிடைக்கும் வரை நிறுத்துகிறது. எம்1 புரதத்தின் 58 முதல் 66 வரையான ஒன்பது அமினோ அமிலங்கள் அப்படிப்பட்ட துண்டு: கிளைசின், ஐசோலூசின், லூசின், கிளைசின், ஃபீனைல்அலனின், வேலின், ஃபீனைல்அலனின், திரியோனின், லூசின். இரண்டாவதாக நிற்கும் ஐசோலூசினும் கடைசி லூசினும் எச்எல்ஏ-ஏ2வின் குழிகளில் இறங்குகின்றன. பொருந்தியதும் எம்எச்சி விடுபட்டு, கோல்கை என்ற அனுப்பும் அறை வழியாகச் செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே வரும் சிடி8 டி செல்லுக்கு இந்த ஒன்பதின் மேல்பக்கம் தெரிந்தால் போதும், செல்லின் கதை முடிந்தது. டேப் பழுதாகப் பிறந்தவர்களின் செல்களில் முதல் வகை எம்எச்சி மிகக் குறைவாகவே மேலே வருகிறது. துண்டில்லாத எம்எச்சி நிலையாக நிற்காது என்பதுதான் காரணம்.

இப்படி எல்லாப் புரதத்தையும் உடைத்துக்கொண்டே இருந்தால் செல்லுக்கு நஷ்டம் இல்லையா?

புரதங்களை உடைத்துப் புதுப்பிப்பது எப்படியும் நடக்கும் வேலை. டி செல்லுக்காக அது நடப்பதில்லை. துண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அமினோ அமிலங்களாகி மறுபடி பயன்படுகின்றன, சொற்பமே எம்எச்சியை அடைகின்றன.

இரண்டாம் வகைப் பாதையும் இதேதானா?

இல்லை, வேறு வழி. டென்ட்ரைட்டிக் செல் ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் அது ஒரு பைக்குள் போகும். பை செல்லுக்குள் நகர நகர அமிலம் கூடும், லைசோசோமின் (செல்லின் செரிமான அறை) நொதிகள் வந்து சேரும். கதெப்சின்கள் என்ற அந்த நொதிகள் புரதங்களை அங்கேயே அறுக்கின்றன. புரோட்டியசோமும் டேப்பும் இங்கே தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், இரண்டாம் வகை எம்எச்சியும் எண்டோபிளாச வலைப்பின்னலில்தான் பிறக்கிறது. டேப் கொண்டுவந்து கொட்டும் துண்டுகள் அதன் பள்ளத்தில் ஏறிவிட்டால் உள்ளும் புறமும் குழம்பிப்போகும். அதனால் பிறந்தவுடனேயே இன்வேரியன்ட் சங்கிலி என்ற புரதம் அதன் பள்ளத்தை அடைத்துக்கொள்கிறது. அமிலப் பைக்கு வழிகாட்டுவதும் அதே சங்கிலிதான். பைக்குள் போனதும் சங்கிலி அறுபட்டு, பள்ளத்தில் கிளிப் என்ற சின்னத் துண்டு மட்டும் மிஞ்சும். எச்எல்ஏ-டிஎம் என்ற புரதம் பள்ளத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தி கிளிப்பை வெளியேற்றும். காலியான இடத்தில் விழுங்கிய பாக்டீரியாவின் துண்டு வந்து உட்காரும். டாபாசின் முதல் வகைக்குச் செய்வதைத்தான் டிஎம் இங்கே செய்கிறது: தளர்வானதைக் கழித்துவிட்டு இறுக்கமானதை விட்டுவைக்கிறது.

எல்லாச் செல்லும் காட்டும் என்றால் டென்ட்ரைட்டிக் செல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெருமை?

இதுவரை ஆன்டிஜெனையே பார்க்காத புது டி செல்லை முதல் தடவை எழுப்புவது பெரும்பாலும் அதுதான் என்பதால். புது டி செல்கள் தோலிலும் நுரையீரலிலும் சுற்றுவதில்லை, நிணநீர்க்கணுக்களிலும் மண்ணீரலிலும்தான் வந்து போகும். ஒரு குறிப்பிட்ட துண்டைப் பிடிக்கும் புது டி செல்கள் உடம்பிலேயே வெகு சிலதான் இருக்கும். அவை கிருமி இருக்கும் இடத்தைத் தேடிப்போய்ச் சந்திப்பது நடக்கிற காரியமில்லை. டென்ட்ரைட்டிக் செல்தான் திசுவிலிருந்து சரக்கை எடுத்துக்கொண்டு நிணநீர்க்கணுவுக்குப் போகிறது.

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. துண்டைக் காட்டுவது முதல் சமிக்ஞை மட்டுமே. டென்ட்ரைட்டிக் செல்லில் டோல் வகை ஏற்பிகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சுவர்ப்பொருள், வைரஸின் ஆர்என்ஏ போன்ற பொதுவான அடையாளங்களை அவை உணர்கின்றன. உணர்ந்தால் மட்டுமே அந்தச் செல் சிடி80, சிடி86 என்ற புரதங்களை மேலே நிறையக் கொண்டுவரும். டி செல்லின் சிடி28 அவற்றைத் தொடுவது இரண்டாவது சமிக்ஞை. எந்த வகை டி செல்லாக மாற வேண்டும் என்று சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள்) சொல்வது மூன்றாவது. முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காத டி செல் பெரும்பாலும் மரத்துப்போகும். தைமஸில் தப்பிவந்த ஆபத்தான டி செல்களை அடக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. ஐந்தாவது கேள்வியில், செல்லுக்கு எதிரி எது என்று தெரியாது என்றேன். ஆபத்து இருக்கிறதா என்பதை மட்டும் டென்ட்ரைட்டிக் செல் உணர்ந்து சொல்கிறது.

ரால்ஃப் ஸ்டெயின்மன் 1973-இல் ஜான்வில் கோனுடன் சேர்ந்து இந்தச் செல்களை விவரித்தபோது அவற்றின் முக்கியத்துவத்தை நம்பியவர்கள் குறைவு. 2011-இல் அவருக்கு நோபல் அறிவிக்கப்பட்டது, அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்திருந்தார். இறந்த செய்தி நோபல் குழுவுக்கு அப்போது தெரியாது, அதனால் பரிசு அப்படியே நின்றது.

டென்ட்ரைட்டிக் செல்லையே தொற்றாத வைரஸ் என்றால் சிடி8 செல்லை யார் எழுப்புவது?

நல்ல கேள்வி. முதல் வகை எம்எச்சி உள்ளே தயாராவதைத்தான் காட்டும் என்றால், கல்லீரலை மட்டும் தாக்கும் வைரஸுக்கு எதிராக யாருமே எழுந்திருக்கக் கூடாது. ஆனால் எழுகிறார்கள். 1976-இல் மைக்கேல் பெவன் எலிகளில் காட்டியது இதைத்தான்: வெளியிலிருந்து வந்த செல்களின் ஆன்டிஜெனை, எலியின் சொந்தச் செல்கள் எடுத்து முதல் வகை எம்எச்சியில் வைத்துக் காட்டின. இதற்குக் குறுக்குக் காட்டல் என்று பெயர்.

செத்த செல்லின் துணுக்குகளை விழுங்கிய சில டென்ட்ரைட்டிக் செல்கள், பையிலிருந்து புரதத்தைச் சைட்டோபிளாசத்துக்குக் கசியவிட்டு புரோட்டியசோம் பாதைக்கே திருப்பிவிடுகின்றன. பைக்குள்ளேயே ஏற்றும் வழியும் உண்டு. எல்லா டென்ட்ரைட்டிக் செல்லும் இதில் தேர்ந்தவை இல்லை, சிடிசி1 என்ற உட்பிரிவுதான் இதில் முன்னணி. புற்றுநோய்க் கட்டிகளுக்கு எதிரான டி செல்கள் எழுவதற்கும் இந்தப் பிரிவு மிகவும் வேண்டும்.

பி செல்லும் காட்டுமா? அது ஆன்டிபாடி செய்கிற செல்தானே?

காட்டும், ஆனால் தேர்ந்தெடுத்துக் காட்டும். தன் ஏற்பி பிடித்த ஆன்டிஜெனை மட்டும் உள்ளே இழுத்து, நறுக்கி, இரண்டாம் வகை எம்எச்சியில் வைக்கிறது. ஏற்கெனவே எழுந்த சிடி4 செல் அந்தத் துண்டை அடையாளம் கண்டால் பி செல்லுக்கு உதவி கிடைக்கும். அந்த உதவி இருந்தால்தான் பலமான, நீண்டகால ஆன்டிபாடி வரும்.

இந்தக் கணக்கை வைத்தே செய்யப்பட்டது ஹிப் இணைப்புத் தடுப்பூசி. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே பி வகை பாக்டீரியாவின் மேலுறை சர்க்கரைச் சங்கிலி. சர்க்கரை எம்எச்சி பள்ளத்தில் பொருந்தாது, ஆகவே டி செல் உதவி கிடைக்காது. இரண்டு வயதுக்குள்ளான குழந்தைகளிடம் வெறும் சர்க்கரைத் தடுப்பூசி சரியாக வேலை செய்யவில்லை. சர்க்கரையை டெட்டனஸ் டாக்ஸாய்டு (தீங்கு நீக்கிய டெட்டனஸ் நஞ்சு) போன்ற ஒரு புரதத்தோடு வேதிமுறையில் இணைத்தார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து இழுக்கும்போது புரதமும் கூடவே உள்ளே போகும், காட்டப்படுவது புரதத்தின் துண்டு. டெட்டனஸைப் பார்க்கும் டி செல், சர்க்கரைக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் பி செல்லுக்கு உதவிவிட்டுப் போகிறது. இரண்டும் தனித்தனியாக மிதந்தால் இது நடக்காது, ஒட்டியிருக்க வேண்டும்.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கும் புரதத் தடுப்பூசிக்கும் இந்த விஷயத்தில் என்ன வித்தியாசம்?

புரதத் தடுப்பூசியில் ஆன்டிஜென் வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் வகைப் பாதையில் போய் சிடி4 செல்களையும் ஆன்டிபாடியையும் எழுப்பும். அலுமினிய உப்பு மட்டும் சேர்த்த புரதத் தடுப்பூசிகள் சிடி8 செல்களை அவ்வளவாக எழுப்புவதில்லை. எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் நம் செல்களின் ரைபோசோம்களே புரதத்தைச் செய்கின்றன. அதனால் முதல் வகைப் பாதை நேராகத் திறக்கிறது. செல்லின் சவ்வுக்கு வரும் புரதத்தை மற்ற செல்கள் எடுத்துக்கொள்வதால் இரண்டாம் வகையும் கிடைக்கும். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளும் செல்லுக்குள் பெருகுவதால் இரண்டு பாதையையும் பயன்படுத்துகின்றன.

வைரஸ்கள் சும்மா இருக்குமா? இதை ஏமாற்ற வழி கண்டுபிடித்திருக்காதா?

ஆறாவது கேள்வியில் சொன்ன ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு வைரஸ் கைவைத்திருக்கிறது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் ஐசிபி47 என்ற புரதம் டேப்பின் வாயை அடைக்கிறது. அடினோவைரஸின் ஒரு புரதம் எம்எச்சியை எண்டோபிளாச வலைப்பின்னலிலேயே கட்டிப்போடுகிறது. எச்ஐவியின் நெஃப் என்ற புரதம், மேற்பரப்புக்குப் போக வேண்டிய எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டையும் திசைமாற்றி உள்ளே அழிவுக்கு அனுப்புகிறது. சைட்டோமெகலோவைரஸ் எல்லாரையும் மிஞ்சும்: அதன் யுஎஸ்2, யுஎஸ்11 புரதங்கள் புதிதாகச் செய்த எம்எச்சியைச் சைட்டோபிளாசத்துக்கு இழுத்துவந்து புரோட்டியசோமுக்கே இரையாக்குகின்றன, யுஎஸ்6 டேப்பை நிறுத்துகிறது.

அப்படி எம்எச்சியை மொத்தமாக மறைத்துவிட்டால் வைரஸுக்கு வெற்றிதானே?

மறைத்தால் வேறு ஆபத்து காத்திருக்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் (டி செல் அல்லாத இன்னொரு கொல்லும் வெள்ளணு வகை), முதல் வகை எம்எச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தம்மை அடக்கிக்கொள்ளும். காணோம் என்றால் பிடி தளர்ந்து தாக்கும். நோயெதிர்ப்பியலாளர் கிளாஸ் காரே 1980-களில் முன்வைத்த கருத்து இது. எச்ஐவியின் நெஃப் எச்எல்ஏ-சியைப் பெரும்பாலும் விட்டுவைப்பது இதனால் பயன்தரும். இயற்கைக் கொல்லி செல்களின் அடக்கும் ஏற்பிகள் பல எச்எல்ஏ-சியைத்தான் பார்க்கின்றன.

சைட்டோமெகலோவைரஸ் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. எச்எல்ஏ-ஈ என்று ஒரு எம்எச்சி உண்டு. மற்ற முதல் வகை எம்எச்சிகள் தயாராகும்போது உதிரும் முன்முனைத் துண்டு அதில் ஏறும். அது மேலே இருந்தால், உள்ளே எம்எச்சி தயாரிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று இயற்கைக் கொல்லி செல் எடுத்துக்கொள்ளும். இந்த வைரஸின் யுஎல்40 புரதம் அதே துண்டின் நகலைத் தன் உடம்பில் சுமக்கிறது, டேப் இல்லாமலேயே எச்எல்ஏ-ஈயை நிரப்பிவிடுகிறது. தயாரிப்பை நிறுத்திவிட்டு, நடப்பதாகக் கணக்குக் காட்டுகிறது.

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருக்கிறதே, அதை எப்படிக் காட்டுவது?

முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, முதல் வகை எம்எச்சியும் ஏறக்குறைய இல்லை. ஆகவே அங்கே சிடி8 செல்லுக்கு வேலை கிடையாது, ஆன்டிபாடியும் மண்ணீரலும்தான் சமாளிக்க வேண்டும். ஆனால் ரத்தத்துக்கு வரும் முன் ஒட்டுண்ணி சில நாள் கல்லீரல் செல்லில் தங்குகிறது. அங்கே எம்எச்சி இருக்கிறது. அந்த நாட்களைக் குறிவைக்கும் தடுப்பூசி முயற்சிகள் இதனால்தான் நடக்கின்றன.

எல்லாருக்கும் ஒரே எம்எச்சி இருந்தால் உறுப்பு மாற்றம் சுலபமாக இருக்குமே, ஏன் ஆளுக்கு ஆள் வேறு?

உறுப்பு மாற்றம் சுலபமாகும், ஆனால் ஒரே வைரஸ் எல்லாரையும் சாய்த்துவிட முடியும். பள்ளத்தின் குழிகள் மாறினால் பிடிக்கும் துண்டுகளும் மாறும். தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என்று எச்எல்ஏ-ஏ, பி, சி மூன்றிலும் அதிகபட்சம் ஆறு வகை ஒருவரிடம் இருக்கும். மனிதகுலம் முழுவதிலும் ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. ஒருவரின் எம்எச்சி பிடிக்கத் தவறுவதை இன்னொருவரின் எம்எச்சி பிடிக்கும். எச்எல்ஏ-பி57 உள்ளவர்களில் எச்ஐவி தொற்று மெதுவாக முற்றுவது இதற்குத் தெரிந்த உதாரணம். வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பகுதிகளின் துண்டுகளை அது காட்டுகிறது.

உறுப்பு மாற்றத்தில் இதே பன்மை எதிரியாகிறது. அந்நிய எம்எச்சியை அப்படியே கண்டு எதிர்க்கும் டி செல்கள் நூற்றுக்கு 1 முதல் 10 வரை இருக்கலாம். சாதாரண ஆன்டிஜென் ஒன்றுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது என்பதோடு ஒப்பிட்டால் இதன் வேகம் புரியும்.

எனக்கு எச்எல்ஏ-பி27 இருக்கிறது என்றார்கள். முதுகெலும்பு நோய் கட்டாயம் வருமா?

வராது என்பதே பெரும்பான்மை. அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வந்தவர்களில் மிகப் பலருக்கு பி27 இருக்கும். ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. ஆறாவது கேள்வியில் வந்த ஈராப்1 நொதியின் சில மாறுபாடுகளும், பி27 உள்ளவர்களிடம் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. துண்டுகள் சீவப்படும் விதத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது வலுவான தடயம். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடந்தால் குறையும் இடுப்புவலி இருந்தால் மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். சோதனை முடிவை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

மாத்திரை ஒவ்வாமைக்கும் எம்எச்சிக்கும் என்ன சம்பந்தம்?

சில மருந்துகளில் நேரடியான சம்பந்தம் உண்டு. எச்ஐவிக்குத் தரும் அபகாவிர் மருந்து, எச்எல்ஏ-பி 57:01 வகை உள்ளவர்களின் எம்எச்சி பள்ளத்துக்குள்ளேயே, துண்டின் கடைசி நங்கூரம் இறங்கும் குழியின் பக்கத்தில் போய் உட்காருகிறது. குழியின் வடிவம் மாறியதும் அதுவரை பொருந்தாத சொந்தத் துண்டுகள் பொருந்த ஆரம்பிக்கும். தைமஸில் ஒருபோதும் காட்டப்படாத துண்டுகள் அவை. டி செல்கள் அவற்றை அந்நியம் என்று எடுத்துக்கொண்டு காய்ச்சல், தடிப்பு என்று கடுமையாகப் பாய்கின்றன. 2008-இல் வெளியான பெரிய மருத்துவ ஆய்வுக்குப் பிறகு, இந்த ஜீன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அபகாவிர் தருவது வழக்கமானது.

வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் இன்னொன்று. எச்எல்ஏ-பி 15:02 உள்ளவர்களுக்கு அது தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைத் தரக்கூடும். அந்த ஜீன் ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுவதால், தொடங்கும் முன் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்விதான்.

புற்றுநோய் செல்லும் நம் செல்தானே, டி செல் அதை எப்படிப் பிடிக்கும்?

சடுதி மாற்றத்தால் ஒரு அமினோ அமிலம் மாறினாலும் புதிய துண்டு பிறக்கலாம். தைமஸ் அதைப் பார்த்ததில்லை, ஆகவே டி செல் அதைப் பிடிக்க வாய்ப்புண்டு. மெலனோமா போல மாற்றங்கள் நிறைந்த புற்றுநோய்களில், டி செல்லின் தடையை நீக்கும் பிடி-1 எதிர்ப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்ய இது ஒரு காரணம்.

கட்டியும் தப்பிக்கப் பார்க்கும். முதல் வகை எம்எச்சி நிற்கப் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற துணைச் சங்கிலி தேவை. அந்த ஜீனை இழந்துவிட்டால் முதல் வகை மொத்தமும் மேற்பரப்பிலிருந்து போய்விடும். மருந்துக்குக் கேட்டுக்கொண்டிருந்த மெலனோமா மறுபடி வளர்ந்த சில நோயாளிகளிடம் இதுவே நடந்திருந்தது. கார்-டி சிகிச்சையில் டி செல்லுக்கு ஆன்டிபாடியின் பிடியைப் பொருத்திவிடுகிறார்கள். அது செல்லின் மேலிருக்கும் முழுப் புரதத்தை நேராகப் பிடிப்பதால் எம்எச்சி தேவையில்லை. ஆனால் செல்லுக்குள் இருக்கும் எதையும் அதனால் பார்க்க முடியாது.

புரதத் துண்டு மட்டும்தானா? கொழுப்பையெல்லாம் காட்ட முடியாதா?

முடியும். எம்எச்சியின் உறவான சிடி1 புரதங்களின் பள்ளம் ஆழமானது, எண்ணெய்ப் பசையுள்ளது. காசநோய் பாக்டீரியாவின் மைக்கோலிக் அமிலம் போன்ற கொழுப்புகள் அதில் பொருந்தும். எம்ஆர்1 என்ற இன்னொரு உறவு, பாக்டீரியாக்கள் ரைபோஃப்ளேவின் செய்யும்போது உண்டாகும் சின்ன மூலக்கூறுகளைக் காட்டுகிறது. இந்த இரண்டும் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை.

நறுக்காமல், பள்ளத்தில் ஏற்றாமல் டி செல்லை எழுப்பவே முடியாதா?

முடியும், அது நடக்கும்போது ஆள் ஐசியூவில் இருப்பார். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் டிஎஸ்எஸ்டி-1 நஞ்சு ஒரு சூப்பர் ஆன்டிஜென். அது துண்டாவதே இல்லை. முழுதாக வந்து, இரண்டாம் வகை எம்எச்சியின் வெளிப்பக்கத்தையும் டி செல் ஏற்பியின் பீட்டா சங்கிலியையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. பள்ளத்தில் எந்தத் துண்டு இருக்கிறது என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லை. அந்தப் பீட்டா வகையைச் சேர்ந்த டி செல்கள் அத்தனையும் எழும், மொத்த டி செல்களில் நூற்றுக்கு 20 வரை அது போகலாம். ஒரே சமயத்தில் கொட்டும் சைட்டோகைன்களால் ரத்த அழுத்தம் சரிகிறது, உறுப்புகள் தளர்கின்றன. அதனால்தான் சிகிச்சையில் நஞ்சு சுரக்கும் இடத்தைச் சுத்தம் செய்வதோடு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துடன் கிளிண்டாமைசினையும் சேர்க்கிறார்கள். கிளிண்டாமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்குவதால், சாகப்போகும் பாக்டீரியா மேலும் நஞ்சு செய்வதும் நிற்கிறது.